நிறுத்தச் சொல்லும் ஆர்டர்

“எங்க வூட்டுக்காரரு அரிசி வாங்கத்தான் நின்னாருங்க. வெயில் ஏறனதுலருந்து அடி வாங்கினு இருக்காரு. எப்பங்க நிறுத்துவீங்க?”

“நிறுத்தறதுக்கு ஆர்டர் வரணும்மா.”

“அடிக்கறதுக்கு வந்துதா?”

“அடிக்கறதுக்கு வாய் போதும். நிறுத்தறதுன்னா எழுத்துல வரணும்.”

கேட்டவள் லூர்துமேரி. வல்லத்துப் பக்கத்து வேதக்காரக் குடும்பம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். பதில் சொன்னவர் ஏட்டு கோவிந்தசாமி. செஞ்சிக் கோட்டைக்குள் ராஜகிரி மலையடிவாரத்தில் இருக்கிற பழைய நெற்களஞ்சியத்தின் படியில் உட்கார்ந்து, தன் தடிக்கு விளக்கெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். உள்ளே பத்தொன்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் அவள் புருஷன் அருளானந்தம்.

முதலில் அவள் அங்கே ஓடி வந்தபோது, களஞ்சியத்துக்குள் யாரோ கேழ்வரகுக் கதிர் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அதே சத்தம், அதே தாளம், நடுவில் மூச்சு வாங்குகிற அதே இடைவெளி. அப்புறம், இந்த வருஷம் யார் வீட்டில் கதிர் இருக்கிறது அடிப்பதற்கு என்று தோன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்த பிறகு கொஞ்ச நேரம் அவளுக்குக் காது கேட்கவில்லை.

“அந்த ஆர்டர வாயால குடுத்தது யாருங்க ஏட்டய்யா?”

“அது தெரியலியே.”

“தெரியலியா?”

“பின்னாலருந்து குரல் வந்துது. கணீர்னு வந்துது. கணீர்னு வந்தா நாங்க ஆரம்பிச்சிடுவோம். இருவத்தெட்டு வருஷ சர்வீசும்மா, ஒரு நாளும் யார் சொன்னாங்கன்னு திரும்பிப் பாத்தது கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துலயே பாத்ததில்ல. நீ நிழலுக்கு வந்து குந்து, உனக்கு மயக்கம் கியக்கம் வரப்போவுது.”

மனுஷர் நல்ல மாதிரிதான். எழுந்து இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுபடி கதிர் அடிக்கிற சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். போன வருஷம், அறுபத்தைந்தில், மொழிப் போராட்டத்தில் ஊர் ஊராகக் கலவரம். எல்லாம் அடங்கி, எரிந்த பஸ்ஸையெல்லாம் இழுத்துப்போட்ட பிறகு, கலவரத்தை அடக்குவதற்கென்று செஞ்சியில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். ‘ஒழுங்கு நிலைநாட்டல் முகாம் அலுவலகம்’ என்று நீளமாக ஒரு பலகை. ஜனங்கள் சுருக்கமாக ஆர்டர் ஆபீஸ் என்றார்கள். முகாம் அதிகாரியாக ராஜாராம் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். எட்டுக் காவலர், ஒரு கிளார்க்கு, ஒரு ஜீப்பு, ஒரு டைப் மிஷின் எல்லாம் வந்தன. கலவரம் மட்டும் வரவில்லை. பதினோரு மாசம் பார்த்தார்கள். மேலிடத்திலிருந்து, ‘தங்கள் பகுதியில் கலவரம் இல்லாததற்கான காரணத்தைப் பத்து நாட்களுக்குள் தெரிவிக்கவும்’ என்று கடிதம் வந்தது.

ஒன்பதாவது நாள் சந்தை நாள். அரிசிக்கு ரேஷன் கடை வாசலில் வரிசை நின்றது. கடைக்காரர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “சரக்கு தீந்துபோச்சு” என்றார். வரிசையில் ஒரு பொம்பளை, “நேத்தும் இதத்தான் சொன்ன” என்றாள். கலவரம் என்பது அவ்வளவுதான். யாரோ வாயைத் திறந்தார்கள். எட்டுத் தடியும் வரிசைக்குள் இறங்கின. ஒருவனுக்குக் காது கிழிந்து தொங்கியது. ஒரு கிழவிக்கு முன்பற்கள் மூன்றும் அவள் கொண்டுவந்திருந்த பைக்குள்ளேயே விழுந்தன. ஓடத் தெரிந்தவர்கள் ஓடினார்கள். அருளானந்தத்துக்கு இரண்டு கையும் தலையைக் காப்பதற்கு வேண்டியிருந்ததால், ரேஷன் கார்டைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவர்களைத்தான் பிடிப்பது சுலபம். பத்தொன்பது பேரையும் வைத்து அடிக்க ஆபீசில் இடம் போதவில்லை. கோட்டை காலியாக இருந்தது.

உப்பும் கருவாடும் வாங்கப் போயிருந்த லூர்துமேரி திரும்பி வந்தபோது, வரிசை நின்ற இடத்தில் செருப்புகள்தான் வரிசையாகக் கிடந்தன.

ஆர்டர் என்ற வார்த்தை அதுவரை அவளுக்கு மணியார்டர் என்பதன் வாலாகத்தான் பழக்கம். பட்டாளத்தில் இருக்கிற தம்பியிடமிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் வரும். நல்ல வார்த்தை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆபீஸ் வாசலில் தலைப்பாகையோடு ஒருவன் நின்றான். “நீ யாருப்பா?” என்றாள். “ஆர்டர்லி” என்றான். ஜீப்பு ஏன் சாய்ந்து நிற்கிறது என்றால், “ஆர்டர்ல இல்ல.” உள்ளே ரங்கநாதன் என்ற கிளார்க்கு டைப் மிஷினுக்குத் துணி போர்த்திவைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். அதுவும் ஆர்டரில் இல்லை. அவள் கொண்டுபோன மனுவை வாங்கிப் பார்த்து, “இது ஆர்டரா இல்லியேம்மா, மேல மார்ஜின் விடணும்” என்றார். அதற்குள் அதிகாரியின் அறையிலிருந்து, நாலு போண்டாவுக்கு ஆர்டர் கொடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு குரல் வந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கழற்றிவிட்டால் ஆபீசே இடிந்து விழுந்துவிடும் போலிருந்தது.

ராஜாராம் அவளை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் மரியாதையாகப் பேசினார். அவருக்குப் பேசுவது பிடிக்கும்.

“அம்மா, அரசாங்கத்தை நீங்கள் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அடிக்க ஆரம்பிப்பது வீரம். அதில் யோசனைக்கு இடமில்லை. யோசித்தால் யாராவது அடிப்பார்களா? ஆகவே அதற்கு வாய் போதும் என்று விதி இருக்கிறது. அவசரம் யார் கண்ணில் படுகிறதோ அவரே அந்த நிமிஷத்துக்கு அதிகாரி. பதவி கிடையாது, கையெழுத்து கிடையாது. கையெழுத்து இல்லாததால் பொறுப்பும் கிடையாது. அதுதான் அதன் அழகு.”

“சரிங்க. நிறுத்தறதுக்கு?”

“அங்கேதான் விஷயம். ‘ஏன் அடித்தாய்’ என்று என் சர்வீசில் இதுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. ‘ஏன் நிறுத்தினாய்’ என்று கேட்பார்கள். கேட்பார்கள் என்று தெரிந்த காரியத்துக்குத்தான் காகிதம் வேண்டும்.”

“தப்பு செஞ்சவங்கள அடிக்கலாங்க. இவரு இன்னா செஞ்சாரு?”

“அது விசாரணையில் தெரியவரும்.”

“விசாரண எப்பங்க?”

“அடித்து முடித்த பிறகு. அடிபட்டுக்கொண்டிருக்கும்போது விசாரித்தால் வலி தாங்காமல் பொய் சொல்லிவிடுவார்கள். அந்த மாதிரி அநியாயத்தை நான் அனுமதிக்கமாட்டேன்.”

“அடிச்சதுக்கு அத்தாட்சி கொண்டாந்தா நிறுத்துவீங்களா? ஆஸ்பத்திரில எழுதி வாங்கினு வரேன்.”

இதற்கு ரங்கநாதன் பதில் சொன்னார். “எழுதித் தரமாட்டாங்கம்மா. அடி முடிஞ்சாத்தான் அதுக்குப் பேரு காயம். முடியாத வரைக்கும் அது நடவடிக்கை.”

வெளியே வந்து நின்றாள். கோட்டைக்குப் போகிற பாதையில் போண்டா சுட்டு விற்கிற காத்தாயி, “உள்ள இன்னா சொன்னான் கெட்டிக்காரன்?” என்று கேட்டாள். லூர்துமேரி சொன்னாள். காத்தாயி கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

“நீ கெஞ்சின இல்ல?”

“கெஞ்சாம இன்னாக்கா செய்வேன்?”

“அவனுங்களுக்குக் கெஞ்சினா காது கேக்காது. ஒரு வருஷமா பாக்கறேன். இங்க பாரு.”

எட்டுக் காவலரில் மூன்று பேர் அவள் அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காத்தாயி அடிவயிற்றிலிருந்து, “எந்திரி” என்றாள். மூன்று பேரும் டீயோடு எழுந்து விறைத்து நின்றார்கள். யார் சொன்னார்கள் என்று ஒருவனும் பார்க்கவில்லை. “நகரு” என்றாள். நகர்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மாவுச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

“அவ்ளோதான்” என்றாள். “நீ ராவுக்கு எங்கூட்லயே படுத்துக்கோ.”

இரவில் அடி கிடையாது. பொழுது சாய்ந்தால் கோட்டை வாசலைப் பூட்டிவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. கோட்டையைப் பாதுகாக்கிற துறைக்கு ஒரு காவலாள் இருந்தார், பித்தளை வில்லை போட்டவர். சுவரைத் தொட்டால் மூன்று மாசம் ஜெயில் என்கிற பலகை அவருடைய பொறுப்பு. மறுநாள் காலையில் அவர் வந்து களஞ்சியத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னா ஏட்டு, செவுத்துல ரத்தம்?”

“அடி தாங்காம சாயறானுங்கய்யா.”

“சாயறதுன்னா நடுவுல சாயட்டும். இது ஐந்நூறு வருஷத்துச் செவுரு. ஒரு கீறல் விழுந்தா நான் பதில் சொல்லணும்.”

“மனுஷன் முதுவுக்கு?”

“அது என் துறையில வராது.”

சுவரிலிருந்து நாலு அடி தள்ளிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். வட்டத்துக்குள் வைத்து அடிக்கலாம். அடிபட்டு வட்டத்தைத் தாண்டி விழுகிறவன் மேல் புராதனச் சின்னத்துக்குச் சேதம் என்று தனி வழக்கு. அப்படியே இரண்டு பேர் விழுந்து இரண்டு வழக்கும் ஆயிற்று. தரையைக் கழுவ ஆள் வேண்டும் என்றார். சோப்பு போடக் கூடாது, காரைக்கு ஆகாது, வெறும் தண்ணீர்தான்.

“நான் கழுவறேன்” என்றாள் லூர்துமேரி.

அப்படித்தான் அவளுக்கு உள்ளே போக வழி கிடைத்தது. சக்கரக்குளத்திலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். அருளானந்தம் தூணில் படாமல் குப்புறப் படுத்திருந்தான். முதுகு உரித்த பனம்பழம் மாதிரி இருந்தது. அவன் ரத்தம் எது, பக்கத்தில் இருப்பவன் ரத்தம் எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் விளக்குமாற்றால் ஒன்றாகத் தள்ளினாள்.

“இன்னாங்க. என்னத் தெரியுதா?”

வாயிலிருந்த கார்டை எடுக்காமலே தலையை ஆட்டினான். அப்புறம் எடுத்தான். கார்டில் மேலே எட்டுப் பல், கீழே ஆறு பல், பதிந்திருந்தன.

“நனைஞ்சிடப் போவுது. இத நீ வச்சிக்கிறியா?”

“உங்க வாயிலயே இருக்கட்டும். கத்தாம இருக்கலாம்.”

“மேரி, எல்லாச் சுத்துலயும் நான்தான் மொதல்ல. மொத ஆளுக்குத் தடி சும்மா பறக்குது. கடைசி ஆளு அந்த விநாயகம் பெரியவரு. அவரு கிட்ட வர்றதுக்குள்ள அவனுங்களுக்குக் கை ஓய்ஞ்சிடுது. மாட்டுக்குத் தட்டிக் குடுக்கற மாதிரி தட்டிட்டுப் போயிடறானுங்க.”

“ஏன் உங்களுக்கு மொதல்ல?”

“பேரு அருளானந்தமாம். ஆர்டர்படி அதான் மொதல்ல வருமாம்.”

விநாயகம் பெரியவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவலூர்பேட்டையிலிருந்து வெற்றிலை விற்க வந்தவர். ரேஷன் வரிசையில்கூட நிற்கவில்லை. வரிசை எதற்கு என்று விசாரிக்க நின்றவர். “பாப்பா, கொஞ்சம் தண்ணி ஊத்து” என்றார். கழுவுகிற குடத்திலிருந்தே ஊற்றினாள்.

ஏட்டு வெளியில் விளக்கினார். “ஆமாம்மா, இங்கிலீஷ் எழுத்து ஆர்டர். மொத எழுத்துக்காரன் மொதல்ல. கிளார்க்கு போட்ட லிஸ்ட்டு. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது, உன் வூட்டுக்காரன் நல்ல மனுஷன், ஒரு சத்தம் போடமாட்டேங்கறான். வேற பேரு இருக்குதா அவனுக்கு?”

இருந்தது. அவர்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டு பேர். வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று. அவனுக்குக் கோயில் புத்தகத்தில் யாகப்பன் என்று பேர். கல்யாணத்தன்று பங்குச் சாமியார் ஒரு தரம் கூப்பிட்டதோடு சரி, அப்புறம் யாரும் கூப்பிட்டதில்லை.

அன்று வெயிலில் லூர்துமேரி ஊருக்கு நடந்தாள். சாமியார் புத்தகத்தைப் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். திரும்ப நடந்தாள். மார்ஜின் விட்டு மனு எழுதி அதோடு சேர்த்துக் கொடுத்தாள். ரங்கநாதன் இரண்டையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

“பேஷ். எல்லாம் ஆர்டரா இருக்கு.”

யாகப்பன் கடைசிக்குப் போனான். சாயங்காலச் சுற்றில் அவன் முறை வந்தபோது ஏட்டு கையை உதறிக்கொண்டு, “உனக்கு யோகம்யா” என்று முதுகில் லேசாகத் தட்டினார். லூர்துமேரி காத்தாயி வீட்டில் அன்றைக்குச் சாப்பிட்டாள். சாப்பிட்டு மூன்று வேளை ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ராஜாராம் பார்வையிட வந்தார். வரிசையாக எல்லார் முதுகையும் பார்த்தார். முகம் சுருங்கியது.

“ஏட்டு, இதென்ன பாரபட்சம்? முதலில் இருப்பவர்களுக்கே எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைசியில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையே. இந்த அலுவலகம் ஏழை பணக்காரன், முன்னவன் பின்னவன் என்று பார்க்காது. இன்று முதல் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள்.”

“அய்யா, அது எழுத்துல…”

“இது நிறுத்துவது இல்லையே. வாய் போதும்.”

யாகப்பன் வட்டத்துக்குள் முதலில் கூப்பிடப்பட்டான். தூங்கி எழுந்து, டீ குடித்து, எண்ணெய் பூசிய தடி. மூன்றாவது அடியை இடது கையால் தடுத்தான். காய்ந்த முருங்கைக்கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்போதும் அவன் வாயில் கார்டு இருந்தது. குடத்தோடு நின்றிருந்த லூர்துமேரி அந்தச் சத்தத்தைத் தானே உண்டாக்கினதாக நினைத்தாள். ஊருக்கும் செஞ்சிக்கும் வெயிலில் நடந்து, சாமியார் கையைப் பிடித்து எழுத வைத்து, அந்தக் கையை அவளே கொண்டுவந்து தடிக்குக் கீழே வைத்தது போல இருந்தது.

அவனுக்கு அடுத்தவர் விநாயகம் பெரியவர். இரண்டு நாளாகத் தட்டல் மட்டும் வாங்கினவர். அன்றைக்குத்தான் அவருக்கு முழு அடி. காலைச் சுற்றுக்கு நின்றார். மத்தியானச் சுற்றுக்கு, “விநாயகம்” என்று பேர் வாசித்தபோது எழுந்துவரவில்லை. இரண்டாம் தரம் வாசித்தார்கள். லூர்துமேரி போய் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

உடம்பை மாட்டுவண்டியில் அவலூர்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். பேரை அனுப்ப முடியவில்லை. லிஸ்ட்டிலிருந்து ஒரு பேரைக் கோடு போட்டு அடிப்பதும் ஒருவகையில் நிறுத்துவதுதானே, அதற்கும் எழுத்து வேண்டும் என்றார் ரங்கநாதன். ‘ஆஜர் இல்லை’ என்று குறித்துக்கொண்டார். பெரியவருடைய துண்டு மட்டும் அங்கேயே கிடந்தது. சாயங்காலம் விநாயகத்தின் முறை வந்தபோது ஏட்டு அந்தத் துண்டை எடுத்து வட்டத்துக்கு நடுவில் விரித்துப் போட்டு, பன்னிரண்டு அடி அடித்தார்.

“துண்டு இன்னா செஞ்சுது ஏட்டய்யா?”

“பேர் இருக்குதேம்மா.”

ஒரு அடியைக்கூட அவர் குறைக்கவில்லை. அடித்து முடித்துத் துண்டை உதறி மடித்து ஓரமாக வைத்தார். அப்போதுதான் லூர்துமேரிக்கு நிஜமாகவே பயம் வந்தது. இன்னும் ரெண்டு நாள் போனால் அந்தக் களஞ்சியத்தில் பத்தொன்பது துணி கிடக்கும், இவர் ஒவ்வொன்றாக விரித்து அடித்து உதறி மடித்து வைப்பார் என்று தோன்றியது. அருளானந்தத்தின் வேட்டி எப்படியும் கிழிசல்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. லூர்துமேரியின் மனுவால் அல்ல. மேலிடத்துக்கு ராஜாராம் அனுப்பிய அறிக்கைக்குப் பதில். ‘தங்கள் பகுதிக் கலவரம் திருப்திகரம். அலுவலகம் மேலும் ஐந்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது. பத்தொன்பது பேர் மீதான தடியடியை நிறுத்தவும்.’ கீழே கையெழுத்து, முத்திரை, தேதி.

நிறுத்துவதை ஒரு விழாவாகவே வைத்தார்கள். களஞ்சியத்துக்கு நடுவில், வட்டத்துக்குள், நாற்காலி போட்டு ராஜாராம் உட்கார்ந்தார். எட்டுக் காவலரும் அவர் முன்னால் விறைப்பாக நின்றார்கள். அடிபட்டவர்களில் உட்கார முடிந்தவர்களை உட்காரவைத்தார்கள். சுவரை யாரும் தொட்டுவிடாமல் பித்தளை வில்லைக்காரர் பார்த்துக்கொண்டார்.

“இந்த ஊரில் ஒழுங்கு நிலைநாட்டப்பட்டுவிட்டது” என்று ராஜாராம் ஆரம்பித்தார். “உங்களில் சிலருக்கு வலித்திருக்கலாம். எனக்கு வலிக்கவில்லையா? நாலு நாளாக இந்தக் கோட்டைக்கும் ஆபீசுக்கும் நான் நடந்துதான் வருகிறேன். ஜீப்பு ஆர்டரில் இல்லை. அதைப்பற்றி நான் யாரிடமாவது முறையிட்டேனா? தியாகம் என்பது இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ரங்கநாதன், ஆளை எண்ணி ஒப்படையுங்கள்.”

ரங்கநாதன் எண்ணினார். பதினெட்டு. மறுபடி எண்ணினார்.

“சார், ஆர்டர்ல பத்தொன்பது இருக்கு.”

ஏட்டு துண்டைக் கொண்டுவந்து வைத்தார். ராஜாராம் அதை உற்றுப் பார்த்தார்.

“அடிப்பதற்கு இது போதும். நிறுத்துவதற்குப் போதாது. நிறுத்தினால் நின்றுபோக அதற்கு வலி வேண்டுமே. பதினெட்டுப் பேரை நிறுத்திவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினால் அது பொய். நான் பொய் எழுதமாட்டேன். எண்ணிக்கை சரியாகும் வரை நிறுத்த முடியாது.”

பதினெட்டுப் பேரில் யாரோ முனகினார்கள். அருளானந்தம் லூர்துமேரியைப் பார்த்தான். ராஜாராமும் அவளைப் பார்த்தார்.

“இந்த அம்மாள் நாலு நாளாக இங்கேதானே இருக்கிறார். ஒரு நாலு அடி. எண்ணிக்கை முடிந்தது, உடனே எல்லாரையும் விட்டுவிடலாம். என்னம்மா, உங்கள் புருஷனுக்காக?”

லூர்துமேரி குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். நாலு அடிதானே என்று ஒரு எட்டுகூட எடுத்து வைத்துவிட்டாள். அப்புறம் நின்று, ரங்கநாதனிடம் கேட்டாள்.

“அந்தக் காயிதத்துல பேரு இருக்குதுங்களா?”

“இருக்கே. பத்தொன்பது பேரும் இருக்கு.”

“என் பேரு?”

“உன் பேர் எப்படிம்மா இருக்கும்?”

“அப்ப என்னை அடிக்கறத நிறுத்தறதுக்கு?”

ரங்கநாதன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கனிவாகச் சொன்னார்.

“அதற்குத் தனியாக எழுத்து வரும் அம்மா. எழுதிப் போடுகிறோம். மிஷின் சரியானதும் முதல் வேலை அதுதான்.”

“மேரி, வேணாம்” என்றான் அருளானந்தம். கார்டைக் கடித்தபடி சொன்னதால் அவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

ராஜாராம் கையைத் தூக்கினார். எட்டுக் காவலரும் தடியை ஓங்கிக்கொண்டு அவர் வாயையே பார்த்து நின்றார்கள். எட்டு முதுகும் லூர்துமேரி பக்கம் இருந்தன. அவளுக்குக் காத்தாயியின் அடுப்பும், எழுந்து நின்ற மூன்று டீயும் நினைவுக்கு வந்தன. அவள் வாழ்க்கையில் யாரையும் அதட்டிப் பேசியவள் இல்லை. கொல்லையில் மாட்டை ஓட்டுவதற்குக்கூட ‘போ சாமி’ என்பவள். மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தாள்.

“நாற்காலில குந்தினு கீறவன அடி. ஆர்டர்.”

கணீரென்று வந்தது. ஐந்நூறு வருஷத்துக் கூரையில் பட்டுத் திரும்பி, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

கோவிந்தசாமி இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்காரர். திரும்பிப் பார்க்கவில்லை. முதல் அடி ராஜாராமின் தோளில் விழுந்தது. நாற்காலியின் கை பிளந்தது. இரண்டாவது அடி காதோரம். அதற்குள் மற்ற ஏழு தடியும் வந்து சேர்ந்துவிட்டன. கதிர் அடிக்கிற தாளம் தானாகவே அமைந்தது.

“நிறுத்து” என்றார் ராஜாராம். வாயில் ரத்தம் இருந்ததால் அவ்வளவு தெளிவாக இல்லை. “நிறுத்துடா. நான் சொல்கிறேன். நிறுத்து.”

“வாயால சொன்னா எப்படிங்க அய்யா” என்றார் கோவிந்தசாமி, அடித்துக்கொண்டே, பணிவாக. “எழுத்துல குடுங்க.”

“ரங்கநாதன்.”

ரங்கநாதன் ஓடிவந்து காகிதத்தை நீட்டினார். “மிஷின் ஆர்டர்ல இல்ல சார். கையாலயே எழுதியிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்.” ராஜாராம் வலது கையை நீட்டினார். அடுத்த அடி அந்த மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த முருங்கைக்கிளை ஒடிகிற சத்தம். பேனா உருண்டு போய் வட்டத்துக்கு வெளியே நின்றது. ராஜாராம் அதன் பின்னால் தவழ்ந்தார்.

“சார், வட்டத்தத் தாண்டாதீங்க” என்றார் பித்தளை வில்லைக்காரர். “கேஸாயிடும்.”

பதினெட்டுப் பேரை இப்போது யாரும் அடித்துக்கொண்டிருக்கவில்லை, நிறுத்துவதற்கு ஆர்டர் வேண்டியதில்லை. ஆகவே அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார்கள். லூர்துமேரி விநாயகம் பெரியவரின் துண்டை எடுத்து, அருளானந்தத்தின் ஒடிந்த கையைக் கழுத்தோடு சேர்த்துத் தூளியாகக் கட்டினாள்.

“நடங்க.”

கோட்டை வாசலுக்கு வெளியே காத்தாயி எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு நின்றாள்.

“இன்னாடி, இன்னும் சத்தம் கேக்குது? உன் ஆளு வெளிய வந்துட்டாரு, உள்ள யார அடிக்கறாங்க?”

“ஆபீசர.”

காத்தாயி கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள்.

“யார் குடுத்த ஆர்டரு?”

“தெரியலக்கா. பின்னாலருந்து குரல் வந்துது.”

“எப்ப நிறுத்துவாங்களாம்?”

“எழுத்துல வரணுமாம்.”

காத்தாயி இலையில் இரண்டு போண்டாவை வைத்து அருளானந்தத்தின் முன்னால் நீட்டினாள். அவன் வாயைத் திறந்து, நாலு நாளாகக் கடித்திருந்த கார்டை எடுத்து, நல்ல கையால் வேட்டியில் துடைத்தான். பல் பட்ட இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது. பேரும் எண்ணும் தெரிந்தன.

“மேரி,” என்றான், “கடை தொறந்திருக்குமா?”